பதிப்புரிமையும் வகுப்பறையும்

ஏட்டுச்சுவடி வழங்கிய காலத்திலே கற்றலும் பிரதிசெய்தலும் ஒரு தொழிலின் இரு கூறுகளாகவே இருந்தன. ஆசிரியரிடம் பாடங்கேட்கும் மாணவன் தனக்கென ஓலை வாரி, எழுத்தாணி பிடித்து, ஆசிரியரின் ஏட்டைப் பார்த்துத் தன் ஏட்டை எழுதிக்கொண்டான். அவ்வாறு மீண்டும் மீண்டும் எழுதப்பட்ட நூல் நின்றது. எழுதப்படாத நூல் செல்லுக்கும் கறையானுக்கும் இரையாகி மறைந்தது. ஒரு நூலைப் பார்த்தெழுதுதல் குற்றமாகலாம் என்னும் எண்ணம் அக்காலத்தார்க்கு விந்தையாகவே தோன்றியிருக்கும்.

இன்றோ ஆசிரியர் ஒருவர் நூலகத்திலிருந்து ஒரு நூலை எடுத்து, அதன் அத்தியாயம் ஒன்றை நிழற்பிரதி செய்து, வகுப்பிலுள்ள நாற்பது மாணவர்க்கும் கொடுக்கின்றார். அதன் பொருட்டு அவர் ஒரு சதமும் ஊதியமாகப் பெறுவதில்லை. அவர் செய்தது கற்பித்தலா, பிறர் உடைமையைக் கவர்தலா? இவ்வினாவுக்கு விரைந்து விடை கூறுவோர் இரு சாரார். கல்விக்காகச் செய்யும் எதுவும் குற்றமாகாது என்பர் ஒரு சாரார். நூலாசிரியரின் அனுமதியின்றி ஒரு பக்கத்தையேனும் பிரதிசெய்தல் ஆகாது என்பர் மற்றொரு சாரார். பதிப்புரிமையின் வரலாற்றை நோக்கின் இவ்விரண்டும் பிழையென்பது புலனாகும். பதிப்புரிமைச் சட்டம் கல்வியின் பெயராலேயே பிறந்தது. ஆயினும் கல்வி என்னும் பெயர் ஒன்றே எல்லாப் பிரதிகளையும் நியாயமாக்கிவிடும் என்று அச்சட்டம் எக்காலத்தும் ஒப்புக்கொண்டதில்லை. இவ்விரண்டு உண்மைகளும் எவ்வாறு சேர்ந்து வளர்ந்தன என்பதைக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறர் நூலைப் பயன்படுத்துவதற்கு நம் முன்னோரும் ஒரு நெறி வகுத்திருந்தனர். நன்னூல், நூல்களை முதல், வழி, சார்பு என மூவகைப்படுத்தும். தொல்காப்பிய மரபியல், வழிநூல் தோன்றும் முறைகளைத் தொகுத்தல், விரித்தல், அவ்விரண்டையும் சேரச் செய்தல், மொழிபெயர்த்தல் என நான்காகக் காட்டும். வழிநூல் செய்வோன் முதனூற் பொருளைத் தழுவுவதோடு தன் பங்காகவும் ஒன்றைச் சேர்க்க வேண்டும் என்பதே இந்நெறியின் உட்கிடை. வெறும் பார்த்தெழுதலை அவர்கள் நூல் செய்தல் எனக் கொண்டிலர். ஆயின் இது புலவர்க்குரிய மரபேயன்றி நீதிமன்றத்துக்குரிய சட்டம் அன்று. ஒரு நூல் ஆயிரம் பிரதிகளாக விலைப்படும் பொருளாதல் அச்சியந்திரத்தோடு வந்த நிலை. அந்நிலையிலிருந்தே சட்டத்தின் கதையும் தொடங்குகின்றது.

இங்கிலாந்தில் 1557 ஆம் ஆண்டு அரச பட்டயம் பெற்ற இலண்டன் நூல் வணிகர் சங்கம், ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு காலம் நூல்களை அச்சிடும் உரிமையைத் தன் கைக்குள் வைத்திருந்தது. ஒரு நூலைச் சங்கத்தின் பதிவேட்டிற் பதிந்துகொண்ட வணிகனே அதற்கு உரியவன். எழுதியவனுக்கு அங்கு இடமில்லை. அரசு இச்சங்கத்தை ஆதரித்தது புலமையைப் போற்றுவதற்காகவன்று; தனக்கு ஒவ்வாத கருத்துக்கள் அச்சேறாது தடுப்பதற்காகவேயாம். இத்தணிக்கை முறைக்கு ஆதாரமாயிருந்த சட்டம் 1695 ஆம் ஆண்டு காலாவதியாக, வணிகர் தம் தனியுரிமையை இழந்தனர். பலமுறை பாராளுமன்றத்திடம் முறையிட்டும் பழைய நிலையை அவர்களால் மீட்க முடியவில்லை. ஈற்றில், தம் இலாபத்தைப் பேசாது, எழுதுவோரின் இடரையும் கல்வியின் நலத்தையும் எடுத்துப் பேசத் தொடங்கினர்.

அதன் பயனாக ஆன் அரசியார் காலத்தில், 1710 ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 10 ஆம் தேதி நடைமுறைக்கு வந்ததே உலகின் முதலாவது பதிப்புரிமைச் சட்டம் எனப் போற்றப்படுவது. அதன் தலைப்பு வணிகத்தைக் குறிப்பிடவில்லை. கல்வியை ஊக்குவித்தலுக்கான சட்டம் என்றே அது தன்னை அறிமுகஞ் செய்துகொண்டது. கற்றோர் பயனுள்ள நூல்களை எழுதுதற்கு ஊக்கம் பெற வேண்டும் என்பதைத் தன் நோக்கமாகவும் கூறிற்று. புதிய நூலுக்கு 14 ஆண்டு உரிமை. அக்காலம் முடிவில் எழுதியவர் உயிரோடிருப்பின் மேலும் 14 ஆண்டு. முன்னரே அச்சான நூல்களுக்கு 21 ஆண்டு. உரிமை எழுதியவரிடமிருந்தே தோன்றுவதென்பதும், அவ்வுரிமைக்கு ஒரு முடிவு உண்டென்பதும் இச்சட்டத்தால் நிலைபெற்ற இரு கொள்கைகளாம்.

இச்சட்டத்தின் வேறு இரு விதிகளும் கல்வியாளர் கவனிக்கத்தக்கன. வெளியாகும் நூலில் ஒன்பது பிரதிகளை நூலகங்களுக்கு ஒப்படைத்தல் வேண்டும். அரச நூலகம், ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் ஆகியவற்றின் நூலகங்கள், ஸ்கொத்லாந்தின் நான்கு பல்கலைக்கழக நூலகங்கள், இலண்டன் சயன் கல்லூரி, எடின்பரோ வழக்கறிஞர் சங்க நூலகம் என்பன அவ்வொன்பது. இஃது ஒரு விதி. நூலின் விலை மிகையென ஒருவர் முறையிடின், கன்ரபரிப் பேராயர், பிரதம நீதியரசர், இரு பல்கலைக்கழகங்களின் துணைவேந்தர் முதலியோருள் ஒருவர் அதனைக் குறைத்து நிர்ணயிக்கலாம் என்பது மற்றொரு விதி. விலை பற்றிய விதி சில பத்தாண்டுகளில் நீக்கப்பட்டது. எனினும் நூலாசிரியருக்கு உரிமை வழங்கிய அதே சட்டம் மாணவனின் கைக்கு நூல் எட்டுவதையும் தன் கடமையாகக் கொண்டிருந்தது என்பதற்கு இவை சான்று.

உரிமைக்கு முடிவு உண்டென்னும் கொள்கையை இலண்டன் வணிகர் எளிதில் ஏற்கவில்லை. சட்டம் கூறிய காலம் கழிந்த பின்னும் மரபுவழிச் சட்டத்தின்படி தம் உரிமை என்றும் அழியாதது என வாதித்தனர். 1769 இல் ஒரு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றும் விட்டது. அப்பொழுது எடின்பரோ நகரத்து அலெக்சாண்டர் டொனால்ட்சன் என்னும் நூல் வணிகர், உரிமைக்காலம் கழிந்த நூல்களை மலிவு விலையில் அச்சிட்டு விற்றுவந்தார். 1748 இல் இறந்த கவிஞர் ஜேம்ஸ் தொம்சனின் பருவகாலங்கள் பற்றிய காவியம் அவற்றுள் ஒன்று. அவ்வழக்கு பிரபுக்கள் சபை வரை சென்றது. 1774 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அச்சபை, என்றுமுள்ள பதிப்புரிமை என ஒன்றில்லை எனத் தீர்ப்பளித்தது. உரிமை முடிந்த நூல் பொதுவுடைமையாகும் என்பது அன்று உறுதிப்பட்டது. இன்று நாவலரின் பாலபாடத்தையோ, 1901 இல் மறைந்த சி. வை. தாமோதரம்பிள்ளையின் பதிப்புரையையோ எவரும் அச்சிட்டு மாணவர்க்கு வழங்கலாம் எனின், அதற்கு அடிப்படை இக்கொள்கையேயாம்.

உரிமைக்காலம் முடியாத நூலின் நிலை என்ன? 1740 இல் ஹார்ட்விக் பிரபு முன் ஒரு வழக்கு வந்தது. மத்தேயு ஹேல் என்னும் நீதியரசர் எழுதிய குற்றவியல் நூலை வேறொருவர் சுருக்கி வெளியிட்டார் என்பது முறைப்பாடு. பக்கங்களைச் சற்றே குறைத்து ஏமாற்றும் போலிச் சுருக்கம் குற்றமே. உழைப்பும் அறிவும் செலவிட்டுச் செய்த மெய்யான சுருக்கம் ஒரு புதிய நூலாகும் என அவர் விளக்கினார். தொகுத்தலை வழிநூலின் ஒரு வகையாக மதித்த தமிழ் மரபை அறிந்தார்க்கு இவ்விளக்கம் அந்நியமாய்த் தோன்றாது. பிறர் நூலை நியாயமாகப் பயன்படுத்தல் என்னும் கருத்தின் வித்து இங்கே இடப்பட்டது. ஆயின் அவ்வித்து முளைத்து மரமானது அமெரிக்காவிலேயாம்; அதுவும் ஒரு பாடசாலை நூலின் காரணமாகவேயாம்.

ஜாரெட் ஸ்பார்க்ஸ் என்னும் வரலாற்றாசிரியர், ஜோர்ஜ் வாஷிங்ரனின் கடிதங்களையும் குறிப்புக்களையும் பல இடங்களிலும் தேடித் தொகுத்துப் பன்னிரண்டு தொகுதிகளாக வெளியிட்டார். பின்னர், சார்ள்ஸ் அப்ஹம் என்னும் மதகுரு, வாஷிங்ரன் தம் வரலாற்றைத் தாமே கூறுவது போல அமைந்த ஒரு நூலை இரு தொகுதிகளில் இயற்றினார். மாசச்சூசெற்ஸ் மாநிலப் பாடசாலை நூலகங்களுக்கென வெளியான வரிசையில் அஃது இடம்பெற்றது. மாணவர் எளிதில் வாங்கிப் படிக்கத்தக்க நல்ல நூல், நோக்கமோ தூயது. ஆயின் அதன் 866 பக்கங்களுள் 353 பக்கங்கள் ஸ்பார்க்ஸின் தொகுப்பிலிருந்து சொல்லுக்குச் சொல் எடுக்கப்பட்டவை. வெளியீட்டாளர் வழக்குத் தொடுத்தனர்.

1841 இல் இவ்வழக்கைத் தீர்த்தவர் நீதியரசர் ஜோசப் ஸ்ரோரி. பாடசாலை நூலகங்களுக்கென எடுக்கப்பட்ட ஒரு சிறந்த முயற்சிக்குத் தம் தீர்ப்பு இடையூறாகலாம் என்பது பற்றி அவர் வருந்தினார். வருந்தியும், எடுத்தது குற்றமே எனத் தீர்த்தார். இத்தகைய வழக்குக்களில் எவற்றை ஆராய வேண்டும் என்றும் அவர் வகுத்துக் கூறினார். எடுத்தவர் எந்நோக்கத்தோடு எடுத்தார்? எடுத்த பகுதி எவ்வளவு. அதன் மதிப்பு என்ன? அதனால் மூலநூலின் விற்பனை குன்றுமா? மூலநூலின் இடத்தைப் புதிய நூல் பிடித்துக்கொள்ளுமா? திறனாய்வாளன் ஒருவன் தன் கருத்தை விளக்கச் சில பகுதிகளை எடுத்தாளுதல் தகும். மூலநூலை வாங்க வேண்டிய தேவையே இல்லாதவாறு அதன் சிறந்த பகுதிகளை வாரிக்கொள்ளுதல் தகாது. நியாயமான பயன்பாடு என இன்று வழங்கும் கோட்பாட்டின் முழு வடிவமும் இத்தீர்ப்பிலே உண்டு. அக்கோட்பாடு பிறந்த வழக்கில் தோற்றது ஒரு பாடசாலை நூல் என்பதை ஆசிரியர்களாகிய நாம் மறத்தலாகாது.

இங்கிலாந்து வேறு வழியிற் சென்றது. அந்நாட்டின் 1911 ஆம் ஆண்டுச் சட்டம், தனிப்பட்ட கற்கை, ஆராய்ச்சி, திறனாய்வு, மதிப்புரை, பத்திரிகைச் சுருக்கம் ஆகியவற்றின் பொருட்டு ஒரு நூலை நியாயமாகக் கையாளலாம் எனக் கூறிற்று. இப்பட்டியலில் கற்பித்தல் இல்லை என்பது நோக்கத்தக்கது. மாணவன் தன் கற்கைக்காகத் தானே ஒரு பகுதியை எழுதிக்கொள்ளலாம். ஆசிரியர் வகுப்பு முழுவதற்கும் பிரதிசெய்து வழங்குவதைச் சட்டம் வெளிப்படையாகக் கூறவில்லை. பாடசாலைகளுக்கெனத் தொகுக்கப்படும் நூல்களுக்கு மாத்திரம் தனி விதி ஒன்று இருந்தது. பெரும்பாலும் உரிமையற்ற பகுதிகளாலாய தொகுப்பொன்றிற் சிறு பகுதிகளைச் சேர்க்கலாம். ஆயின் அவை பாடசாலைக்கென எழுதப்பட்ட நூல்களிலிருந்து எடுக்கப்பட்டனவாய் இருத்தலாகாது. ஒரே நூலாசிரியரின் எழுத்துக்களிலிருந்து ஒரு வெளியீட்டாளர் ஐந்தாண்டுக்குள் இரண்டுக்கு மேற்பட்ட பகுதிகளை எடுத்தலாகாது. மூலமும் குறிப்பிடப்படல் வேண்டும். பாடநூலையே பிழிந்து இன்னொரு பாடநூல் செய்தல் கூடாது என்னும் எச்சரிக்கை இவ்விதியிற் பொதிந்துள்ளது. இலங்கையில் 1979 ஆம் ஆண்டு வரை நடைமுறையிலிருந்ததும் இச்சட்டமேயாம்.

இதற்கிடையில் பதிப்புரிமை நாடுகளின் எல்லையைக் கடந்தது. 1886 இல் பேர்ண் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை, ஒரு நாட்டு நூலாசிரியரின் உரிமையை மற்றைய நாடுகளும் காக்குமாறு செய்தது. சுதந்திர நாடு என்ற முறையில் இலங்கை 1959 ஆம் ஆண்டு இவ்வுடன்படிக்கையிற் சேர்ந்தது. அக்காலம் இந்நாட்டின் கல்வி ஆங்கிலத்திலிருந்து தாய்மொழிகளுக்கு மாறிக்கொண்டிருந்த காலம். பௌதிகம், இரசாயனம், கணிதம் ஆகிய துறைகளின் ஆங்கில நூல்களை அரசகரும மொழித் திணைக்களம் தமிழிலும் சிங்களத்திலும் மொழிபெயர்த்து வெளியிட்டுவந்தது. மொழிபெயர்ப்பின்றி வகுப்பறை நடவாது. மூல வெளியீட்டாளரின் அனுமதியின்றி மொழிபெயர்ப்பு நடவாது. புதிதாய் விடுதலைபெற்ற நாடுகள் பலவும் இதே இடுக்கணுக்கு உள்ளாகியிருந்தன.

ஆகவே 1967 இல் ஸ்ரொக்ஹோம் நகரிற் கூடிய மாநாட்டில், இந்தியா முதலிய நாடுகள் வளர்முக நாடுகளின் கல்விக்கெனத் தனிச்சலுகை வேண்டும் என வாதாடின. மாநாடு ஒரு நெறியேட்டை ஏற்றுக்கொண்டது. நூல் ஏற்றுமதி செய்யும் நாடுகளின் வெளியீட்டாளரோ அதனைக் கடுமையாக எதிர்த்தனர். அதனால் அவ்வேடு எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1971 இல் பாரிஸ் நகரில் ஓர் இணக்கம் ஏற்பட்டது. ஒரு நூல் வெளியாகிக் குறித்த காலம் கழிந்தும் அதன் மொழிபெயர்ப்போ நியாயவிலைப் பதிப்போ ஒரு வளர்முக நாட்டிற் கிடைக்காதாயின், கல்வித் தேவைக்காக அதனை வெளியிடுவதற்கு அந்நாட்டு அதிகாரிகள் உரிமம் வழங்கலாம். மொழிபெயர்ப்புக்கு அக்காலம் பொதுவாக மூன்றாண்டு. வளர்ச்சியடைந்த நாடுகளிற் பொதுவாக வழங்காத மொழியாயின் ஓராண்டு. மறுபதிப்புக்குப் பொதுவாக ஐந்தாண்டு. இயற்கை அறிவியல் நூலுக்கு மூன்றாண்டு. கதை, கவிதைகளுக்கு ஏழாண்டு. உரிமையாளருக்கு ஈட்டுத்தொகையும் உண்டு. இவ்விதிகள் சிக்கலானவை, நாடுகள் இவற்றை மிக அருகியே பயன்படுத்தின. எனினும் நூல் கிடையாமை என்னும் உண்மை சட்டத்தின் கணக்கில் இடம்பெற்றது ஒரு பேறேயாம்.

இலங்கை பேர்ண் உடன்படிக்கையிற் சேர்ந்த அதே 1959 இல், அமெரிக்காவில் சேரொக்ஸ் நிறுவனத்தின் சாதாரணக் கடதாசியிற் பிரதியெடுக்கும் இயந்திரம் வெளிவந்தது. எழுத்தாணியால் ஓர் ஏட்டைப் பிரதிசெய்வதற்கு நாட்கள் வேண்டும். அவ்வுழைப்பே ஒரு வேலியாக நின்றது. இயந்திரம் அவ்வேலியைப் பிடுங்கி எறிந்தது. பின்னர் வந்த கணினி அதன் சுவட்டையும் அழித்தது.

இந்நிலைமையை எதிர்கொண்டு அமெரிக்கா 1976 இல் ஒரு புதிய சட்டம் இயற்றிற்று. நீதியரசர் ஸ்ரோரியின் கோட்பாடு அதில் முதன்முதலாக எழுதப்பட்ட விதியாயிற்று. கற்பித்தலும், வகுப்பறைத் தேவைக்குப் பல பிரதிகள் எடுத்தலும் அவ்விதியில் வெளிப்படையாகக் கூறப்பட்டன. அதே ஆண்டில் கல்வியாளர், எழுத்தாளர், வெளியீட்டாளர் ஆகியோரின் பிரதிநிதிகள் கூடி, ஐயத்துக்கிடமின்றி ஏற்கத்தக்க சிற்றளவு ஒன்றை வகுத்தனர். கவிதையாயின் 250 சொற்களுக்கு உட்பட்டது. முழுக் கட்டுரையாயின் 2500 சொற்களுக்குக் குறைந்தது. உரைநடைப் பகுதியாயின் 1000 சொல் அல்லது நூலிற் பத்தில் ஒரு பங்கு, இவற்றுட் குறைந்தது. ஆசிரியர் அனுமதி கோரிக் காத்திருக்க இயலாத அளவுக்குத் தேவை உடனடியானதாய் இருத்தல் வேண்டும். பயிற்சி ஏடுகளையும் தேர்வுத்தாள்களையும் பிரதிசெய்தல் முற்றாக ஆகாது. பல்கலைக்கழகப் பேராசிரியர் சங்கம் இவ்வளவுகள் மிகவும் இறுக்கமானவை என மறுத்தது. இவை சட்டமல்ல; இவற்றைக் கடந்த பயன்பாடு யாவும் குற்றம் என்பதுமில்லை.

இச்சட்டத்தின் எல்லை 1991 இல் நியூயோர்க் நீதிமன்றத்தில் அளந்து காட்டப்பட்டது. கிங்கோஸ் என்னும் பிரதியெடுக்கும் நிறுவனம், பேராசிரியர்கள் தெரிந்தளித்த நூற்பகுதிகளைக் கட்டாக்கி மாணவர்க்கு விற்றுவந்தது. படிப்பவன் மாணவனே, ஆயின் விற்பவனின் நோக்கம் இலாபம் என நீதிமன்றம் கண்டது. அந்நிறுவனம் ஐந்து இலட்சத்துப் பத்தாயிரம் டொலர் நட்டஈடு செலுத்துமாறு விதிக்கப்பட்டது.

இதனை ஒத்த வழக்கொன்று இந்தியாவில் வேறு முடிவைக் கண்டது. தில்லிப் பல்கலைக்கழகத்தின் பொருளியற் கல்லூரி வளவில் இருந்த ராமேஸ்வரி என்னும் சிறு பிரதிக்கடை மீது, ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் முதலிய வெளியீட்டாளர் 2012 இல் வழக்குத் தொடுத்தனர். எழுதியோர் சிலரே வழக்கைக் கைவிடுமாறு வேண்டினர். பொருளியலறிஞர் அமர்த்தியா சென்னும் அவ்வாறு கேட்டுக்கொண்டார். இந்தியாவின் 1957 ஆம் ஆண்டுச் சட்டம், கற்பித்தலின் போது ஆசிரியரோ மாணவரோ ஒரு நூலைப் பிரதிசெய்வதை அனுமதிக்கின்றது. கற்பித்தல் என்பது வகுப்பறையில் ஆசிரியர் பேசும் நேரத்தோடு முடிவதன்று. பாடத்திட்டம் வகுத்தல் முதலாக அதற்கு வேண்டும் வாசிப்பு வரை அதில் அடங்கும் எனத் தில்லி உயர் நீதிமன்றம் 2016 செப்ரெம்பரில் வழக்கைத் தள்ளிற்று. அதே ஆண்டு திசெம்பரில் மேன்முறையீட்டு அமர்வு அவ்விளக்கத்தைப் பொதுவில் ஏற்றது. எடுத்த பகுதிகள் கற்பித்தலின் நோக்கத்துக்கு உண்மையிலே தேவையானவையா என்பதை மட்டும் விசாரணைக்கு விட்டது. வெளியீட்டாளர் 2017 இல் வழக்கை மீளப்பெற்றனர். நியூயோர்க்கிலும் தில்லியிலும் செயல் ஏறத்தாழ ஒன்றே, தீர்ப்பு வேறு. சட்டத்தின் வாசகமும், நூலின் விலையை மாணவன் தாங்கும் வலிமையும், பிரதியால் விற்பனை உண்மையிற் குன்றிற்றா என்பதும் இடத்துக்கிடம் வேறுபடுவதே அதற்குக் காரணம்.

நம் நாட்டுக்கு வருவோம். 1979 இன் 52 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டக்கோவை, ஆங்கிலேயர் விட்டுச்சென்ற சட்டத்தை அகற்றிற்று. அதன் இடத்தில் வந்த 2003 இன் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமே இன்று நடைமுறையில் உள்ளது. நூலாசிரியரின் வாழ்நாளும், அவர் இறந்தபின் 70 ஆண்டும் உரிமைக்காலமாகும். இச்சட்டத்தின் 11 ஆம் பிரிவு, பிரித்தானிய முறையை விடுத்து, நியாயமான பயன்பாடு என்னும் அமெரிக்கக் கோட்பாட்டை ஏற்றுக்கொண்டது. திறனாய்வு, கருத்துரை, செய்தி, கற்பித்தல், புலமை, ஆராய்ச்சி முதலிய நோக்கங்களுக்காகச் செய்யும் நியாயமான பயன்பாடு உரிமைமீறல் ஆகாது என அது கூறுகின்றது. வகுப்பறைக்கெனப் பல பிரதிகள் எடுத்தலும் கற்பித்தலுள் அடங்குமென வெளிப்படையாகவே சொல்லப்பட்டுள்ளது. 1911 இல் விடுபட்ட சொல் இங்கே இடம்பெற்றுவிட்டது.

ஆயின் நியாயமானது எது என்பதற்குச் சட்டம் அளவுகோல் தரவில்லை. நான்கு வினாக்களைத் தருகின்றது. முதலாவது, பயன்பாட்டின் நோக்கமும் தன்மையும். அது வணிகமா, இலாபம் கருதாத கல்வியா? இரண்டாவது, எடுக்கப்பட்ட ஆக்கத்தின் இயல்பு. வெளியான வரலாற்றுக் கட்டுரையும், மாணவருக்கு விற்பதற்கென்றே செய்த பயிற்சி நூலும் ஒன்றல்ல. மூன்றாவது, எடுத்த பகுதியின் அளவும் முதன்மையும். பெரிய நூலில் ஐந்து பக்கம் சிறிது. ஆயின் அந்நூலின் உயிர்நிலை அவ்வைந்து பக்கமாயின் அது சிறிதன்று. நான்காவது, அந்நூலின் சந்தைக்கு நேரும் விளைவு. இந்நான்கையும் சேர்த்தே எண்ண வேண்டும். 1841 இல் ஒரு பாடசாலை நூலை முன்வைத்துக் கேட்கப்பட்ட வினாக்கள் ஏறத்தாழ அவ்வாறே நம் சட்டப் புத்தகத்தை வந்தடைந்திருத்தல் வியப்புக்குரியது.

அடுத்த 12 ஆம் பிரிவு சில செயல்களை எடுத்துக் கூறி வழிகாட்டுகின்றது. வெளியான ஆக்கத்தின் சிறு பகுதியைக் கற்பித்தலில் விளக்கத்துக்காக எடுத்தாளலாம். நேரடி வகுப்பறைக் கற்பித்தலுக்காகக் கட்டுரைகளையும், சிறு ஆக்கங்களையும், நூல்களின் சிறு பகுதிகளையும் நோக்கத்துக்கு வேண்டிய அளவு நிழற்பிரதி செய்யலாம். ஆயின் அந்நிறுவனம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக இலாபத்துக்காக நடத்தப்படுவதாய் இருத்தலாகாது. பிரதிசெய்தலும் தொடர்வழக்கமாகாது, தனித்தனியான தேவைகளுக்காக நிகழ்வதாய் இருத்தல் வேண்டும். மூலத்தையும் நூலாசிரியர் பெயரையும் குறித்தல் கடமை. ஒருவர் தம் சொந்தத் தேவைக்குப் பிரதிசெய்யலாம் எனினும், ஒரு முழு நூலையோ அதன் பெரும்பகுதியையோ நிழற்பிரதியாக எடுத்தலுக்கு அச்சலுகை இல்லை.

இவ்விதிகளை வகுப்பறையில் வைத்துப் பார்ப்போம். வரலாற்று ஆசிரியர் ஒருவர் ஓர் ஆய்வுக் கட்டுரையின் மூன்று பக்கங்களைப் பெயர் குறித்து வகுப்புக்குக் கொடுத்து ஆராயச் செய்தல் நியாயமானது என்பதில் ஐயம் இல்லை. அவரே கடையில் விலைக்குக் கிடைக்கும் துணைநூல் ஒன்றை அட்டை முதல் அட்டை வரை பிரதிசெய்து கொடுப்பாராயின், நோக்கம் கல்வியே எனினும் அது நியாயமாகாது. கட்டணம் பெறும் தனியார் வகுப்பில் ஒருவர் மற்றோராசிரியர் ஆக்கிய குறிப்புக்களையும் வினாத்தாள்களையும் பெயரை நீக்கித் தம்முடையனவாக விற்பாராயின், அதற்குச் சட்டத்திலும் இடமில்லை, அறத்திலும் இடமில்லை. எந்நூலிலும் உள்ள கருத்தைத் தம் சொல்லில் விளக்கிக் கற்பித்தற்கோ எவரிடமும் அனுமதி வேண்டியதில்லை. பதிப்புரிமை காப்பது சொல்லின் வடிவத்தையே. கருத்து எல்லார்க்கும் பொது.

இவ்வினா நமக்குப் பிற நாட்டாரிலும் நெருக்கமானது. நம் நாட்டுத் தமிழ் நூல்களுட் பல, எழுதியவர் தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டுச் சில நூறு பிரதிகளாக அச்சிட்டவை. ஒரு வகுப்பு அந்நூலை வாங்காது ஒரே பிரதியிலிருந்து முழுவதையும் பெருக்கிக்கொள்ளுமாயின், இழப்பு அயல்நாட்டு நிறுவனத்துக்கன்று. பெரும்பாலும் நம்மைப் போன்ற ஓர் ஆசிரியருக்கேயாம். அவர் தம் அடுத்த நூலை அச்சிடாது விடுவாராயின் அதனால் வறுமையுறுவது நாளைய வகுப்பறை. அதே வேளை, பதிப்பு அற்றுப்போன தமிழ் நூல்கள் எண்ணில. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதியில்லாதன மீளவேயில்லை. ஆகவே பிரதிசெய்தலை முற்றாகத் தடுப்பதும் நமக்குக் கேடே. இலாபம் கருதாத நூலகங்களும் சுவடிக்கூடங்களும் காப்பதற்காகப் பிரதியெடுக்கச் சட்டம் இடமளிப்பதும், நூலகம் என்னும் இணையத் தொகுப்பு 2005 முதல் ஈழத்து நூல்களைப் பேணிவருவதும் இத்தேவையை உணர்ந்தேயாம்.

முன்னூறு ஆண்டு வரலாறு நமக்குக் கூறுவது இதுவே. பிரதி மூலநூலுக்குத் துணையாய் நிற்கும் வரை அது கல்வி. மூலநூலின் இடத்தைப் பறிக்கும் கணத்தில் அது கவர்தல். பிரதியெடுக்க முனையும் ஆசிரியர், இப்பகுதி என் பாடத்துக்கு உண்மையில் வேண்டுமா, வேண்டிய அளவே எடுக்கின்றேனா, எழுதியவரின் பெயரைச் சொல்லுகின்றேனா, இதனால் அவர் நூல் விலைபோகாது கிடக்குமா எனத் தம்மைத் தாமே கேட்டுக்கொள்வாராயின், சட்டத்தின் பெரும்பகுதியை அவர் அறிந்தவராவர். அக்கேள்விகளை மாணவர் செவியில் விழுமாறு கேட்பாராயின் இன்னும் நன்று. இன்று பிரதியை வாங்கும் மாணவருள் ஒருவனே நாளை ஒரு நூலை எழுதப்போகின்றான். தன் உழைப்பைப் பிறர் எவ்வாறு மதிக்க வேண்டும் என்பதை அவன் கற்றுக்கொள்ளும் இடம் இவ்வகுப்பறையேயாகும்.